தலைவலி நோட்டில் பதினொரு நாள்

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள் பல. இங்கே அப்பா சுகம், உன் தங்கை சுகம், எனக்கு முன்னைக்கு இப்போது தேவலை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன்.

அண்ணா, மேலே உள்ள மூன்று வரியும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இனி வருவதும் அம்மா எழுதச் சொன்னதுதான், ஆனால் ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தர மாட்டாளாம். நான், நீ 'தந்தி' என்று பெயர் வைத்த உன் தங்கை. கையெழுத்தைப் பார்த்து அம்மா என்று நினைத்திருப்பாய், அவள் கையெழுத்தை நான் அவளைவிட நன்றாகப் போடுவேன் என்பது உனக்குத் தெரியாது, என் ரேங்க் கார்டுக்குத் தெரியும். அம்மாவின் வலது உள்ளங்கையிலும் இரண்டு விரலிலும் சூட்டுக் காயம், கட்டுப் போட்டிருக்கிறது, பதறாதே, ஆறிக்கொண்டு வருகிறது, விரலை மடக்குகிறாள், என்னை அடிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. போன மூன்று ஞாயிறும் நீ போன் பண்ணும்போது அப்பா, அம்மா குளிக்கிறா, அம்மா கடைக்குப் போயிருக்கா, அம்மா தூங்கறா என்று சொன்னாரே, மூன்றும் பொய், பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள், பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம், லெட்டர் வராததும் இந்தக் கையால்தான். இன்று சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த வாரம் என் லெட்டர நீதான் எழுதற, நடந்தத முதல்லருந்து நீயே அவனுக்குச் சொல்லு, முடிச்சதும் எனக்குப் படிச்சுக் காட்டு என்றாள். வேறு ஏதாவது தண்டனை கொடும்மா, ஒரு மாசம் எல்லாப் பாத்திரமும் நானே கழுவுறேன் என்றேன். அதுவும்தான் கழுவப்போற, இது தனி என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பின்மண்டையில் வலி வருவதும் சாயங்காலத்தில் கால் வீங்குவதும் ஒன்றரை வருஷமாக இருக்கிறது. உனக்கு எழுதியதில்லை. ஒருநாள் செருப்பு நுழையாமல் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள், அன்றைக்குத்தான் அப்பா கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் ரத்த அழுத்தம் ரொம்ப அதிகம் என்றார், இவ எப்பவுமே அழுத்தக்காரிதான் டாக்டர் என்று அப்பா சொன்னாராம், டாக்டர் சிரிக்கவில்லையாம். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. காலை மாத்திரை உடம்பில் தேங்குகிற நீரைப் பிரித்து அனுப்புகிற மாத்திரை. கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். ஒரு நோட்டு போட்டு நாலு வாரத்துக்கு தினமும் எழுத வேண்டும், எத்தனை மணிக்கு வலி வந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாள், வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், கடைசிக் கட்டத்தில் மாத்திரை போட்டாளா என்று ஒரு டிக். உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது, நீங்க எழுதினாத்தான் தெரியும் என்றாராம். என் பழைய கணக்கு நோட்டின் மீதிப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து, நூல் கட்டி ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டோம். தலைவலி நோட்டு என்று அட்டையில் எழுதியது நான்தான்.

முதல் பதினேழு நாள் அம்மாவே எழுதினாள். அவள் எழுத்து எப்படி என்று உனக்குத் தெரியும், சுருக்கமோ சுருக்கம், இஸ்திரி போடுகிறவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சுருக்கம் வந்ததோ. வலி. மூணு மணி. நாலு. அவ்வளவுதான். எனக்குக் கை சும்மா இருக்குமா. அம்மா எழுதிய வரிக்குக் கீழே, மகள் தானாகப் பாத்திரம் கழுவியதைக் கண்டதில் மயக்கம், பத்துக்குப் பதினொன்று என்று எழுதினேன். இன்னொரு நாள், கணவர் பாடினார், வலி எட்டு, நிறுத்தினார், வலி இரண்டு. அப்பா அதைச் சாப்பிடும்போது சத்தமாகப் படித்துப் புரையேறும்வரை சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், குறிப்பு எழுதச் சொன்னா குறும்பு எழுதறா பாரு என்றாள். அந்த ஜோக்கையெல்லாம் பென்சிலில் எழுதியிருந்தேன், டாக்டரிடம் போவதற்கு முன் அழித்துவிடலாம் என்று. அதுவரைக்கும் ஒரு தப்பும் இல்லை அண்ணா. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தில் அம்மாவே உனக்கு வெயில், மழை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்தது என்று எழுதிக்கொண்டிருப்பாள்.

பதினெட்டாம் நாளிலிருந்து அவள் வேலை செய்கிற சலவைக் கூடத்தில் ஓவர்டைம். ஏதோ பெரிய ஓட்டலின் படுக்கை விரிப்பு எல்லாம் இவர்களிடம்தான் துவைக்க வந்ததாம். நின்றபடியே நாள் முழுக்க ஆவி இஸ்திரிப் பெட்டியை இழுத்து இழுத்து மூடி விரிப்புத் தேய்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வந்து, கை மரத்துப் போச்சுடி, பேனா பிடிக்க முடியல, நான் சொல்றேன் நீ எழுதிடு என்றாள். சரிம்மா என்றேன். குளியலறையிலிருந்து, இன்னிக்கு நாலு மணிலருந்து அஞ்சு மணி, அஞ்சு போட்டுக்கோ என்று சத்தம் போடுவாள். நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், போட்டாச்சு என்பேன். போடவில்லை. நாளைக்குச் சேர்த்து எழுதலாம், நாளை மறுநாள் சேர்த்து எழுதலாம் என்று பதினொரு நாள் போய்விட்டது. அடுத்த நாள் டாக்டரிடம் போக வேண்டும் என்று அம்மா சொன்னபோதுதான் நோட்டைத் திறந்தேன். பதினொரு நாளும் வெள்ளை. அவள் சொன்னதில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மதியம் வீட்டில் யாரும் இல்லை, உட்கார்ந்து பதினொரு நாளையும் அம்மாவின் கையெழுத்தில் எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதைச் சொன்னால்தான் நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குப் புரியும். மூன்று பேனா மாற்றினேன், ஒரே நாளில் எழுதியது போல் தெரியக் கூடாது என்று. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். ஒரு பக்கத்தில் டீ கிளாஸை வைத்து வட்டம் விழ வைத்தேன். தினமும் தலைவலி என்றே எழுதினால் சந்தேகம் வருமே என்று நடுநடுவே, உட்கார்ந்து எழுந்தபோது தலைசுற்றல், ஆறு, படுத்து எழுந்தபோது தலைசுற்றல், ஏழு என்று சேர்த்தேன். அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்ததே இல்லை. எழுதி முடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கே பெருமையாக இருந்தது அண்ணா. இதை எழுதும்போது காது சுடுகிறது.

மறுநாள் நானும் கூடப் போனேன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ஒரு சாக்கு. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிட்டு வர்றதில்லம்மா என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் அழுத்தத்தை அளந்து பார்த்தார், அன்றைக்குப் பரவாயில்லை. பிறகு என் பதினொரு நாளில் விரலை வைத்து, எழுந்திரிச்சா தலை சுத்துதா என்று கேட்டார். அம்மா ஒரு நொடி யோசித்தாள். நோட்டைப் பார்த்தாள், அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. நான் மறந்துட்டேன் போல என்று நினைத்திருக்கிறாள். ஆமாங்க, அப்பப்ப என்றாள். அப்ப மருந்து உங்களுக்கு அதிகமாப் போகுது என்று சொல்லி டாக்டர் இரவு மாத்திரையைப் பாதியாக்கினார். நான் அந்த அறையிலேயேதான் இருந்தேன், மேஜைக்கும் எனக்கும் இரண்டு அடி. ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாதவள் என்று வீடே சொல்லும், அந்த ஒரு நாள் எனக்குத் திறக்கத் தெரியவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் மதியம் அம்மா வேலை செய்கிற இடத்திலிருந்து அப்பாவின் டயர் கடைக்குப் போன் வந்தது. பின்மண்டை வலி அதிகமாகி, கண் இருட்டி, விழாமல் இருக்க எதையாவது பிடிக்கலாம் என்று கையை நீட்டியிருக்கிறாள், அந்தக் கை சூடான ஆவிப் பெட்டியின் மேல் விழுந்திருக்கிறது. துணி மடிக்கிற மேஜையில் இருந்த அக்காதான் இழுத்துப் பிடித்துத் தண்ணீரில் கையை முக்கி வைத்தாராம். நான் டாக்டரிடம் போனபோது அம்மா அங்கே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கையைச் சுற்றி வெள்ளைத் துணி, என்னைப் பார்த்ததும், மத்தியானம் சாப்ட்டியாடி என்று கேட்டாள்.

அழுத்தம் எகிறிக் கிடந்தது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தது நான்தான், வழியில் அதைச் சாக்கடையில் போட்டுவிடலாமா என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். டாக்டர் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இந்த வியாழக்கிழமை சாயந்தரம் ஆறு மணி, டீவி பாத்துட்டு எழுந்தப்ப சுத்துச்சுன்னு போட்டிருக்கீங்க, எவ்வளவு நேரம் சுத்துச்சு என்று கேட்டார். அம்மாவுக்கு முன்னால் அப்பா, வியாழக்கிழமையா, அன்னிக்கு இவ ஒம்பது மணிக்கில்ல வீட்டுக்கு வந்தா என்றார். டாக்டரின் விரல் அந்த வரியிலேயே நின்றது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒரு பார்வை. அவளுக்குப் புரிந்துவிட்டது. உடனே டாக்டர் பக்கம் திரும்பி, நான்தாங்க கிழமைய மாத்தி எழுதியிருப்பேன், வயசாகுதுல்ல என்றாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகப் பொய் சொன்னாள் அண்ணா. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், எனக்குத் தெரிந்த வித்தை அதுதான். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நான்தான் எழுதினேன், பதினொரு நாளும் நான்தான், அம்மா சொன்னதை எழுதல, தலை சுத்தவே இல்ல என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, டாக்டர் திரும்பச் சொல்லச் சொன்னார், திரும்பச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இத நம்பி நான் மருந்தக் குறைச்சேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, இரவு மாத்திரையை மறுபடி முழுசாக்கி, அந்தப் பக்கங்களின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்க்க முடியவில்லை.

அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது, பென்சில்ல நீ எழுதினதப் படிச்சு நானும்தான சிரிச்சேன், விளையாட்டுன்னு நானும்தான நெனச்சேன் என்று சொல்லிவிட்டு கிளாஸைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனார். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

புது நோட்டு போட்டோம். அம்மாவால் எழுத முடியாது, அப்பா கடையில், அப்படியானால் யார் என்று நான் கேட்கவில்லை. அம்மாதான், இவளே எழுதட்டும் என்றாள். இவளா என்றார் அப்பா. வேற யாருக்கு என் கையெழுத்து வரும் என்றாள் அம்மா. நான் என் கையெழுத்திலேயே எழுதினேன். வலி வந்ததும் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுவேன். எத்தன போடட்டும்மா என்பேன், மூணு என்பாள், நேத்து மூணுக்கு நீ டீவி பாத்த, இன்னிக்குக் கண்ண மூடிட்டிருக்க, நெசமா மூணா என்பேன், சரி அஞ்சு போடு, போலீஸ்காரி என்பாள். அவளுக்கு எங்கே வலிக்கும் என்றுகூட எனக்கு இதற்கு முன் தெரியாது. காதுக்குப் பின்னால் ஆரம்பித்துக் கழுத்துக்கு இறங்குமாம். பதினாறு வருஷமாகக் கூடவே இருக்கிறேன்.

நாலைந்து நாளில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. ஐந்து, மூன்று, ஒன்று, ஒன்றுமில்லை. கால் வீக்கமும் வடிந்தது. அம்மா எழுதிய பழைய பதினேழு நாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் வார விடுமுறை நாளில் மட்டும் வலி இல்லை. வேலைக்குப் போனால் வலி, போகாவிட்டால் இல்லை, நின்று வேலை செய்வதால்தான் என்று நினைத்தேன். மாத்திரைக் கட்டத்தை நிரப்பும்போது மிச்சம் எத்தனை என்று எழுதி வைக்கலாமே என்று பெட்டியைத் திறந்து எண்ணினேன். இரவு மாத்திரை சரியாக இருந்தது. காலை மாத்திரை பதினெட்டு இருக்க வேண்டும், நாற்பத்துமூன்று இருந்தது. பழைய பதினேழு நாளிலும் ஒரு நாள் விடாமல் டிக் இருக்கிறது, அம்மாவே போட்ட டிக். அம்மா, இது எப்படி மிச்சம் என்று கேட்டேன். எண்ணத் தெரியாம எண்ணாத, வேலயப் பாரு என்றாள். மூணு தடவ எண்ணிட்டேன்மா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து போகாமல் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எடுத்து வைத்தேன். கடைசி மாத்திரை உள்ளே போனதும் அவளாகவே சொன்னாள்.

அந்த மாத்திரை போட்டால் காலையில் மூன்று நாலு தடவை பாத்ரூம் போக வேண்டும். அவர்கள் இடத்தில் பாத்ரூம் கீழே கேட் பக்கத்தில், பூட்டியிருக்கும், சாவி மேற்பார்வையாளர் மேஜையில். அவர் உன்னைவிட இரண்டு வயது பெரியவராக இருப்பார். ஒவ்வொரு தடவையும் அவரிடம் சாவி கேட்டு, அங்கே இருக்கிற நோட்டில் பெயர் எழுதி, போன நேரம் வந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாசக் கடைசியில் அதை எல்லாருக்கும் முன்னால் படிப்பாராம், யார் எத்தனை தடவை என்று. முதல் வாரம் அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். மூன்றாவது தடவை சாவி கேட்டபோது அவர், என்னக்கா, தண்ணித் தொட்டிய முழுங்கிட்டு வந்தீங்களா என்று கேட்க, பக்கத்தில் நின்ற ஆண்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வேலை நாளில் மாத்திரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. விடுமுறை நாளிலும் டாக்டரிடம் போகும் நாளிலும் மட்டும் போட்டுக்கொள்வாள், அதனால்தான் அன்றைக்கு அழுத்தம் பரவாயில்லாமல் இருந்தது. அந்த ஆள் அடித்த ஜோக்கைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம், அது நான் அடிக்கக்கூடிய ஜோக் என்று தோன்றியது. என்னிடம் அந்தச் சாவி இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், நாலு பேர் சிரித்திருப்பார்கள், நான் வீட்டுக்கு வந்து உனக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

போன வியாழக்கிழமை டாக்டரிடம் புது நோட்டோடு போனோம். அம்மா சொல்ல மாட்டாள் என்று தெரியும், நான் சொல்லலாமா என்று கேட்டேன், நோட்டுல எழுதிரு, அவங்களே படிச்சுக்கட்டும் என்றாள். எழுதினேன், சாவி, நோட்டு, நேரம் எல்லாம், ஜோக்கை மட்டும் விட்டுவிட்டேன். டாக்டர் படித்துவிட்டு இரவு மாத்திரை முழுசாகவே இருக்கட்டும் என்றார். காலை மாத்திரையை இனி தவறவிடக் கூடாது என்றார், வேலை இடத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், இவருக்கு மருத்துவக் காரணத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர அனுமதிக்க வேண்டும், பதிவு கேட்கக் கூடாது என்று. அந்தச் சீட்டு மூன்று நாளாக அம்மாவின் பைக்குள் இருக்கிறது. நாளைக் காலை அவள் வேலைக்குத் திரும்புகிறாள், கை ஆறும்வரை தலையணை உறைகளில் கிழிசல் பார்க்கிற மேஜையில், இடது கையால் செய்யலாமாம். நான் வந்து பேசறேன் என்று அப்பா சொன்னார், வேண்டாம் என்றாள். நான் கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்றேன், அதற்கு ஒரு முறை முறைத்தாள் பார். அவள் அதை அந்த ஆளிடம் நீட்டுவாளா, இல்லை மறுபடி மாத்திரையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போவாளா என்று எனக்குத் தெரியவில்லை. கடிதம் உன் கைக்கு வரும்போது அது தெரிந்துபோயிருக்கும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வந்தேன், உன்னிடம் கேட்பதும் ஒரு தப்பித்தல் மாதிரி இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வருகிறது, வந்தால் கூடவே ஒரு ஜோக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாத்திரை வந்த இடத்தில் நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. இனி அம்மா சொல்வது.

கண்ணா, இவள் எழுதியது எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. மேலே கேட்கவில்லை என்று போட்டிருக்கிறாள், தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எத்தனை என்று கேட்கிறாளே, அதில் எல்லாமும் வந்துவிட்டது, எனக்குப் போதும். பொய் எழுதினாள் என்று நான் இவளை அடிக்கவில்லை, எந்தக் கையால் அடிப்பேன், கை நன்றாக இருந்தாலும் அடித்திருக்க மாட்டேன். இவள் எழுதியது பதினொரு நாள். நான் உனக்கு இரண்டு வருஷமாக எழுதுகிறேன், கால் வீங்கிய வாரமும் நான் நலம், தலை வெடித்த வாரமும் நான் நலம். நீ தூரத்தில் இருக்கிறாய், தெரிந்து என்ன செய்யப் போகிறாய் என்று நினைத்தேன். டாக்டரின் நோட்டில் போடாத மாத்திரைக்கு டிக் போட்டதும் நான்தான். உடம்புக்கு வந்ததைச் சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு கூச்சம். வீட்டில் பெரியவள் இப்படி இருந்தால் சின்னவள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள். அவளைத் திட்டாதே என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் திட்டு, ஆனால் பேசாமல் இருந்துவிடாதே, அது இவளுக்குத் தாங்காது.

சீட்டைப் பற்றி இவள் ரொம்பக் கவலைப்படுகிறாள். நாளைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போகிறேன். சீட்டை நானே கொடுப்பேன். கொடுக்கும்போது தலை குனிந்திருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், குனிந்தாலும் கொடுப்பேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், மறக்காதே. போன மாசம் நீ பேசும்போது இரண்டு தடவை இருமலை அடக்கினாய், போனைத் தள்ளி வைத்துக்கொண்டு இருமினாய், எனக்குக் கேட்டது, கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அந்தக் குளிர்க் கிடங்குக்குள் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு இருமல் எப்போது வருகிறது, உள்ளே இருக்கும்போதா, வெளியே வந்த பிறகா, எத்தனை நாளாக, சளி என்ன நிறம், ஒரு சின்ன நோட்டில் எழுதி வை, எழுதி டாக்டரிடம் காட்டு. எனக்கும் எழுது. நல்லா இருக்கேன்மா என்று மட்டும் எழுதாதே, எத்தனை என்று எழுது. காதை மூடிக்கொள், வெந்நீர் குடி, சம்பளம் வந்ததும் நல்ல கம்பளி வாங்கு. நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அப்படியே நொடி ஒன்று வந்தாலும் என்னிடம் சொல்லுகிற மனசு உனக்கு இருக்க வேண்டும். அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இன்றைக்கு எனக்கு வலி இரண்டு, மதியத்திலிருந்து. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சொன்னது, உன் அன்பு அம்மா.
சொன்னதைச் சொன்னபடி எழுதியது, தந்தி.